காலையில் காட்டும் அளவை வைத்துப் பூனைக்கு இன்சுலினைக் கூட்டலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுப் பூனை டைகருக்கு வயது பதினொன்று. கருத்தடை செய்த ஆண் பூனை, எடை 6.2 கிலோ. ஒரு மாதத்துக்கு முன் சர்க்கரை நோய் என்று தெரியவந்தது. கிளார்ஜின் இன்சுலினைக் காலையில் ஒரு யூனிட், இரவில் ஒரு யூனிட் போடும்படி மருத்துவர் சொன்னார். மூன்று வாரம் அப்படியே போட்டேன். சென்ற வாரம் சிரிஞ்சு தீர்ந்துவிட்டதால் வேறு இடத்தில் வாங்கினேன். பழையதற்கு ஆரஞ்சு மூடி, இதற்குச் சிவப்பு மூடி. மற்றபடி இதுவும் இன்சுலின் சிரிஞ்சுதான். அன்று காலை சர்க்கரை 360 இருந்ததால் நானாகவே இரண்டு யூனிட் போட்டேன். அடுத்த நாளும் அப்படியே போட்டேன். மூன்றாம் நாள் பிற்பகலில் டைகர் நிற்க முடியாமல் தள்ளாடியது. மீட்டரில் 52 காட்டியது. ஈறில் தேன் தடவி, உணவு கொடுத்ததும் தேறிவிட்டது. ஆனால் மறுநாள் காலை 430 இருந்தது. பயந்துபோய் மறுபடியும் ஒரு யூனிட்டுக்கு வந்துவிட்டேன். என் தந்தைக்கும் சர்க்கரை நோய் உண்டு. அவர் அன்றன்றைக்கு அளவு பார்த்து அதற்கேற்ப இன்சுலினைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறார். பூனைக்கும் அப்படிச் செய்யலாமா? சாப்பிடாத நாளில் ஊசி போடலாமா? மருந்து உள்ளே இறங்கியதா என்று சந்தேகம் வந்தால் இன்னொரு முறை போடலாமா? வாழ்நாள் முழுக்க இந்த ஊசி வேண்டியிருக்குமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு விவரம்தான் என்னை முதலில் திடுக்கிட வைத்தது: சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு. அதனால்தான் கடிதம் கிடைத்த அன்றே, அந்தச் சிரிஞ்சை உடனே நிறுத்திவிட்டு உங்கள் மருத்துவரை அழைத்துப் பேசும்படி உங்களுக்குத் தனியே தெரிவித்தோம். இங்கே அதற்கான காரணத்தையும், நீங்கள் கேட்டிருக்கும் மற்றக் கேள்விகளுக்கான விடைகளையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நோய் உங்கள் பூனைக்கு என்றாலும், இதே குழப்பத்தில் தவிக்கும் வீடுகள் பல.

இன்சுலின் வெவ்வேறு செறிவுகளில் விற்கப்படுகிறது. இங்கே நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட் இருப்பது யு-100. 40 யூனிட் இருப்பது யு-40. மனிதர்களுக்கென்று வந்து பூனைகளுக்கும் பயன்படும் கிளார்ஜின், நீங்கள் வைத்திருக்கும் வகையில், யு-100. விலங்குகளுக்கென்றே தயாரிக்கப்படும் சில இன்சுலின்கள், எடுத்துக்காட்டாகக் கேனின்சுலினும் புரோசிங்க்கும், யு-40. சிரிஞ்சின் மேல் உள்ள கோடுகள் அந்தந்தச் செறிவுக்கென்று கணக்கிட்டுப் போடப்பட்டவை. யு-100 சிரிஞ்சில் ஒரு யூனிட் என்று காட்டும் இடம் 0.01 மில்லிலிட்டர், யு-40 சிரிஞ்சில் அதே ஒரு யூனிட் 0.025 மில்லிலிட்டர். வழக்கமாக ஆரஞ்சு மூடி யு-100 சிரிஞ்சையும் சிவப்பு மூடி யு-40 சிரிஞ்சையும் குறிக்கும். ஆகவே யு-100 கிளார்ஜினை யு-40 சிரிஞ்சில் ஒரு கோடு இழுத்தால் பூனைக்குப் போவது ஒரு யூனிட் அல்ல, இரண்டரை யூனிட். இரண்டு கோடு இழுத்தால் ஐந்து யூனிட்.

அதாவது, நீங்கள் ஒன்றிலிருந்து இரண்டுக்கு உயர்த்தியதாக நினைத்த அன்று, உண்மையில் ஒன்றிலிருந்து ஐந்துக்கு உயர்த்தியிருக்கிறீர்கள். பயந்து ஒன்றுக்குத் திரும்பிய பிறகும், அதே சிவப்பு மூடிச் சிரிஞ்சில் எடுத்திருந்தால், மருத்துவர் சொன்னதைப் போல இரண்டரை மடங்குதான் போய்க்கொண்டிருந்திருக்கும். டைகர் அன்று பிழைத்தது நீங்கள் பதறாமல் உடனே தேன் தடவியதால்தான். இதில் உங்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. சிரிஞ்சு மாறினால் அளவும் மாறும் என்பதை, ஊசி போடக் கற்றுக்கொடுக்கும் முதல் நாளிலேயே யாராவது அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். இனி மூடியின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மருந்துக் குப்பியின் லேபிளில் என்ன எண் அச்சிட்டிருக்கிறதோ அதே எண் சிரிஞ்சின் குழலிலும் இருக்கிறதா என்று ஒவ்வொரு புதுப் பெட்டியைத் திறக்கும்போதும் படித்துப் பாருங்கள். தலைகீழாக, யு-40 மருந்தை யு-100 சிரிஞ்சில் எடுத்தால் ஒரு கோட்டுக்கு 0.4 யூனிட்தான் போகும்; சர்க்கரை ஏன் இறங்கவே இல்லை என்று புரியாமல் வாரக்கணக்கில் அலைவார்கள். சிரிஞ்சு வாங்கும்போது 0.3 மில்லிலிட்டர் கொள்ளளவும் அரை யூனிட் கோடுகளும் உள்ள யு-100 சிரிஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். பூனைகளின் அளவு பெரும்பாலும் அரை யூனிட் படிகளில்தான் ஏறும், இறங்கும். பெரிய சிரிஞ்சில் அந்த அரையைக் கண்ணால் மதிப்பிடுவது முடியாத காரியம்.

இனி உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். தந்தையைப் போல அன்றன்றைய அளவைப் பார்த்து இன்சுலினைக் கூட்டிக் குறைக்கலாமா என்றால், கூடாது என்பதே என் விடை. அளவு பார்ப்பது வீண் என்று நான் சொல்லவரவில்லை. வீட்டில் அளவு பார்க்கிறவர்களை நான் எப்போதும் ஊக்குவிக்கிறேன். ஆனால் ஊசிக்கு முன் பார்க்கும் ஒற்றை எண், எவ்வளவு போட வேண்டும் என்ற கேள்விக்கு விடையாகாது. இன்றைக்கு ஊசி போடுவது பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு மட்டுமே அது விடை.

மனிதர்கள் உணவுக்கு முன் அளவு பார்த்துக் கூட்டிக் குறைப்பது பெரும்பாலும் விரைவாக வேலை செய்து சில மணி நேரத்தில் அடங்கிவிடும் இன்சுலினை. டைகருக்குப் போடுவது நெடுநேரம் வேலை செய்யும் வகை. கிளார்ஜின் குப்பிக்குள் அமிலத்தன்மையுள்ள தெளிவான திரவமாக இருக்கிறது. தோலுக்கடியில் சென்றதும் நுண்ணிய படிகங்களாகப் படிந்து, அங்கிருந்து சிறிது சிறிதாகக் கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. அதனால்தான் அதை வேறு இன்சுலினுடன் கலக்கவோ நீர்க்கச் செய்யவோ கூடாது என்கிறோம். ஒரு டோஸின் வால், அடுத்த டோஸின் தலை மேல் விழும். அளவை மாற்றினால் அதன் முழு விளைவு தெரியவே ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். அதற்குள் இன்று கூட்டி, நாளை குறைத்து, மறுநாள் மறுபடி கூட்டினால் எந்த எண் எந்த டோஸால் வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது, மருத்துவராலும்தான்.

காலையில் ஊசிக்கு முன் நீங்கள் காணும் எண், முந்தைய இரவு போட்ட டோஸ் தேய்ந்துபோன நேரத்தின் எண். அது உயரமாக இருப்பது இயல்பு. இடையில் சர்க்கரை எவ்வளவு ஆழத்துக்கு இறங்கி ஏறியது என்பதை அது சொல்லாது. ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். கீழே வரும் எண்கள் எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில். காலை ஏழு மணிக்கு ஊசிக்கு முன் 340, ஒன்பது மணிக்கு 290, பதினொன்றுக்கு 210, பிற்பகல் ஒன்றுக்கு 120, மூன்றுக்கு 95, ஐந்துக்கு 190, இரவு ஏழுக்கு 330. ஊசிக்கு முன்னால் மட்டும் பார்க்கிறவர் கண்ணில் படுவது 340, 330 என்ற இரண்டு எண்கள்தான். மருந்து போதவில்லை என்று நினைத்து அரை யூனிட்டாவது கூட்டுவார். ஆனால் பிற்பகல் மூன்று மணிக்குச் சர்க்கரை ஏற்கெனவே 95-க்கு இறங்கிவிட்டது. இதற்கு மேல் கூட்டினால் அது 50-க்கோ அதற்கும் கீழேயோ போகும். இந்தப் பூனைக்கு மருந்தின் அளவு போதாமல் இல்லை, மருந்து நிற்கும் நேரம்தான் போதவில்லை. அதற்கு வழி யூனிட்டைக் கூட்டுவதல்ல. இன்சுலின் வகையை மாற்றலாமா, உணவை மாற்றலாமா என்று மருத்துவரோடு பேசுவது.

இப்படி ஒரு டோஸுக்கும் அடுத்த டோஸுக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்து எழுதுவதைச் சர்க்கரை வரைபடம் என்போம். அளவைத் தீர்மானிப்பது அதில் தெரியும் மிகத் தாழ்ந்த புள்ளி. அந்தப் புள்ளி 80-க்கும் 150-க்கும் இடையில் விழுவது பொதுவான இலக்கு. அதற்குக் கீழே போனால் அளவைக் குறைக்க வேண்டும். 150-க்கு மேலேயே நின்று, பூனையும் நிறையத் தண்ணீர் குடித்து எடையும் இழந்துகொண்டிருந்தால், மருத்துவரைக் கேட்டு அரை யூனிட் கூட்டி, ஒரு வாரம் பொறுத்து, மறுபடியும் வரைபடம் எடுக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு பூனைக்கு ஒரு டோஸுக்கு இரண்டு யூனிட்டைத் தாண்டுவதில்லை என்பதே வழக்கம். உங்கள் மருத்துவர் ஒரு யூனிட்டில் தொடங்கியது சரியான, கவனமான தொடக்கம்.

பூனைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பயத்திலும் பதற்றத்திலும் அவற்றின் சர்க்கரை கிடுகிடுவென்று ஏறும். நோயே இல்லாத பூனைக்குக்கூட மருத்துவமனை மேசையில் 300-ஐத் தொடுவது உண்டு. பிடித்து அமுக்கி, அது திமிறி, இரண்டு மூன்று முறை குத்தி எடுத்த எண்ணைக் கண்டு அளவைக் கூட்டுவது, பூனையின் கோபத்துக்கு இன்சுலின் போடுவதாகும். வீட்டில் அமைதியாக எடுக்கும் எண்ணுக்கு நான் அதிக மதிப்புத் தருவது இதனால்தான்.

அந்த 430 எப்படி வந்தது என்று கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே போகும்போது உடல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள குளுக்ககான், அட்ரினலின், கார்டிசால் ஆகிய ஹார்மோன்களைச் சுரந்து, கல்லீரலில் சேமித்த சர்க்கரையை இரத்தத்தில் கொட்டுகிறது. அதன் மேல் நீங்கள் கொடுத்த தேனும் உணவும் சேர்ந்திருக்கின்றன. தாழ்ந்து மீண்ட பூனையின் சர்க்கரை ஒரு நாளுக்கு மேலும் உயரமாகவே நிற்கலாம். அதைக் கண்டு ‘மருந்து போதவில்லை’ என்று கூட்டுவதுதான் வீடுகளில் நடக்கும் மிக ஆபத்தான தவறு. நீங்கள் கூட்டவில்லை, குறைத்தீர்கள். அந்த உள்ளுணர்வை விட்டுவிடாதீர்கள். சில நாள் 300-லேயே இருக்கும் பூனை, சாப்பிட்டுக்கொண்டும் நடமாடிக்கொண்டும் இருக்கும்வரை, உங்கள் மருத்துவர் யோசிக்க நேரம் கொடுக்கும். 40-க்கு இறங்கிய பூனை அந்த நேரத்தைக் கொடுக்காது.

ஊசிக்கு முன் அளவு பார்த்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரே ஓர் எல்லையை மனத்தில் வையுங்கள். இந்தத் தொடக்க மாதங்களில், டைகரின் உடல் இந்த மருந்துக்கு எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியும்வரை, 200-க்குக் கீழே இருந்தால் ஊசி போடாதீர்கள். உணவும் கொடுக்காமல் அரை மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். எண் ஏறிக்கொண்டிருக்கிறதா இறங்கிக்கொண்டிருக்கிறதா என்பது தெரியும். பிறகு மருத்துவரை அழைத்துக் கேட்டு, அவர் சொல்லும் அளவைப் போடுங்கள் அல்லது அந்த வேளையை விட்டுவிடுங்கள். எல்லையைத் தாண்டி 280 இருந்தாலும் 380 இருந்தாலும் போட வேண்டியது அதே அளவுதான்.

மீட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மனிதர்களுக்கான மீட்டர்கள் பூனையின் இரத்தத்தில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டுவது வழக்கம். சிவப்பணுக்களுக்கும் பிளாஸ்மா என்னும் இரத்தத்தின் திரவப் பகுதிக்கும் இடையே சர்க்கரை பங்கிடப்பட்டிருக்கும் விதம் பூனையில் வேறு. விலங்குகளுக்கென்றே வரும் மீட்டர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் இருப்பதையே பயன்படுத்துங்கள், ஆனால் எப்போதும் ஒரே மீட்டரை. எந்த மீட்டர் என்பதை மருத்துவருக்கும் சொல்லுங்கள். அன்று நீங்கள் கண்ட 52 உண்மையில் சற்றுக் கூடுதலாக இருந்திருக்கலாம். ஆனால் பூனை தள்ளாடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கணக்கில் இறங்கத் தேவையில்லை. பதினான்கு நாள் வரை தோலில் ஒட்டியிருந்து அளவைக் காட்டிக்கொண்டே இருக்கும் உணரிகளும் இப்போது பூனைகளுக்குப் பயன்படுகின்றன; இரவில் சர்க்கரை எங்கே இறங்குகிறது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு அது பெரிய உதவி.

இரத்தம் எடுப்பதற்குக் காதின் விளிம்பு நல்ல இடம். விளிம்பை ஒட்டி ஓடும் மெல்லிய இரத்தக் குழாயை வெளிச்சத்தில் பார்க்கலாம். வெதுவெதுப்பான துணியைக் காதின் மேல் அரை நிமிடம் வைத்திருங்கள். ஈரம் இருந்தால் துடைத்துவிடுங்கள், ஈரம் சொட்டை நீர்க்கச் செய்யும். காதின் பின்புறம் மடித்த பஞ்சை வைத்துக்கொண்டால் ஊசி உங்கள் விரலில் ஏறாது. வாசலினை மிக மெல்லிதாகத் தடவிவிட்டுக் குத்தினால் இரத்தம் மயிரில் பரவாமல் மணிபோல் திரண்டு நிற்கும், அதில் ஸ்டிரிப்பின் நுனியைத் தொட்டால் போதும். பிறகு குத்திய இடத்தைப் பஞ்சால் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்; இதைத் தவறவிட்டால்தான் காது கன்றிப்போய் அடுத்த முறை பூனை ஓடி ஒளியும். முடிந்ததும் அதற்குப் பிடித்த இறைச்சித் துணுக்கு ஒன்றைக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் கொடுங்கள், எண் நன்றாக வந்தாலும் வராவிட்டாலும்.

ஊசி போடும் முறையில் பலர் கவனிக்காத ஒன்று காற்றுக் குமிழ். டைகருக்குப் போட வேண்டிய முழு டோஸே ஒரு மில்லிலிட்டரில் நூறில் ஒரு பங்கு. சிரிஞ்சின் கழுத்தில் தங்கும் ஒரு சிறு குமிழ் அந்த இடத்தை முழுவதுமாக அடைத்துக்கொள்ள முடியும். அன்று பூனைக்குப் போவது வெறும் காற்று. வேண்டியதைவிடச் சற்று அதிகமாக இழுத்து, ஊசி முனை மேலே இருக்கும்படி பிடித்துச் சுண்டி, குமிழை மேலேற்றி, அதைக் குப்பிக்குள்ளேயே திருப்பித் தள்ளிவிட்டுப் பிறகு கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். பலரும் தோள்பட்டைகளுக்கு நடுவே கழுத்துப் பகுதியில் போடுகிறார்கள். விலாப் பக்கத்துத் தளர்ந்த தோல் அதைவிட நல்லது, மருந்து சீராக ஏறும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடாமல் இடம், வலம் என மாற்றிக்கொள்ளுங்கள். தோலைக் கூடாரம்போல் தூக்கி அதன் அடிவாரத்தில் ஊசியை ஏற்ற வேண்டும். உச்சியில் ஏற்றினால் மறுபக்கமாக வெளியே வந்து மருந்து மயிரில் போய்விடும். குப்பியைக் குளிர்பதனப் பெட்டியில், உறைபனி அறையிலிருந்து விலக்கி வையுங்கள். உறைந்துபோன மருந்தையும் கலங்கிப்போன கிளார்ஜினையும் பயன்படுத்தாதீர்கள்.

மருந்து உள்ளே இறங்கியதா என்ற உங்கள் சந்தேகத்துக்கு விடை சுருக்கமானது: இன்னொரு முறை போடவே கூடாது. அரை டோஸ்கூட வேண்டாம். போட்ட இடத்து மயிரைத் தொட்டு முகர்ந்து பாருங்கள். இன்சுலினில் சேர்க்கப்படும் பதப்பொருளுக்கு ஒரு கூர்மையான மருந்து வாடை உண்டு. ஈரமும் வாடையும் இருந்தால் கொஞ்சம் வெளியே போயிருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த வேளைக்குக் காத்திருங்கள். எவ்வளவு வெளியே போனது என்பது உங்களுக்குத் தெரியாது; தெரியாத அளவின் மேல் தெரிந்த அளவைச் சேர்த்தால் கிடைப்பதும் தெரியாத அளவுதான். ஒரு வேளை தவறியதால் சர்க்கரை சில மணி நேரம் ஏறும், அவ்வளவே. வீட்டில் ஒருவருக்கு மேல் ஊசி போடுவதாக இருந்தால், போட்டவுடன் நேரத்தையும் அளவையும் எழுதிக் கையெழுத்திடும் ஒரு தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவிலேயே ஒட்டிவையுங்கள். ஒருவர் போட்டது தெரியாமல் இன்னொருவரும் போட்டுவிட்டுப் பூனையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவதை மருத்துவமனைகளில் பார்க்கிறோம்.

சாப்பிடாத நாளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் உணவைக் கொடுத்து, அது சாப்பிடத் தொடங்கிய பிறகு ஊசி போடும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பூனைகள் தின்றுகொண்டிருக்கும்போது போடும் ஊசியைப் பொருட்படுத்துவதே இல்லை. வழக்கத்தில் பாதிக்கும் குறைவாகத் தின்றால், முழு டோஸ் வேண்டாம். பாதி போடலாமா, அந்த வேளையை விட்டுவிடலாமா என்பது அன்றைய சர்க்கரை அளவைப் பொறுத்தது. இதை உங்கள் மருத்துவரிடம் இப்போதே, பூனை நன்றாக இருக்கும்போதே கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் ஊகிக்க வேண்டி வராது. ஆனால் சாப்பிடவில்லை என்பதற்காக நாள் கணக்கில் இன்சுலினை நிறுத்திவைப்பதும் ஆபத்து. இன்சுலின் இல்லாத உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி கீட்டோன் என்னும் அமிலப் பொருள்களை இரத்தத்தில் சேர்த்துவிடும். சாப்பிடாமை, வாந்தி, சோர்வு, மூச்சில் நகச்சாயம் அழிக்கும் திரவத்தின் வாடை, இவை தெரிந்தால் அன்றே, மறுநாள் வரை பொறுக்காமல், மருத்துவமனைக்குப் போக வேண்டும். டைகரைப் போல எடை கூடிய பூனை ஒரு நாளுக்கு மேல் எதுவும் தின்னாமல் இருந்தால், சர்க்கரையைத் தாண்டிக் கல்லீரலில் கொழுப்புப் படியும் கேடும் தொடங்கக்கூடும்.

தாழ்சர்க்கரையை நீங்கள் ஒரு முறை கண்ணால் கண்டுவிட்டீர்கள். அடுத்த முறை அது தள்ளாட்டமாகவே வர வேண்டும் என்றில்லை. திடீரென்று அடங்காத பசி, விரிந்த கண்மணி, மூலையில் போய் ஒடுங்குவது, கூப்பிட்டால் திரும்பாமல் வெறித்துப் பார்ப்பது, முகத்தசை துடிப்பது, கடைசியாக வலிப்பு என்று வரலாம். 60-க்குக் கீழே எண் இருந்தும் பூனை இயல்பாக இருந்தால் உடனே உணவைக் கொடுத்துக் கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். அறிகுறி இருந்தால் தேனோ குளுக்கோஸ் கரைசலோ ஒரு தேக்கரண்டி அளவு, கொஞ்சம் கொஞ்சமாக ஈறில் தடவுங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள், நினைவு மங்கிய பூனையின் மூச்சுக் குழாயில் அது இறங்கிவிடும். வலிப்பு இருக்கும்போது பற்களுக்கிடையே விரலை விடாமல் உதட்டின் உள்புறத்தில் தடவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மீட்டரைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். அளவு தெரியாமல் கொடுத்த ஒரு கரண்டி தேன் எந்தப் பூனையையும் கொன்றதில்லை. இன்னொன்று மிக முக்கியம். பூனை எழுந்து நடந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். தேன் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும், கிளார்ஜின் இன்னும் பல மணி நேரம் வேலை செய்துகொண்டிருக்கும். அன்று முழுவதும் மணிக்கொரு முறையாவது பாருங்கள். மருத்துவரிடம் பேசாமல் அடுத்த ஊசியைப் போடாதீர்கள்.

அன்றாடம் பூனை எப்படி இருக்கிறது என்பதை எண்களைவிட வேறு சிலவும் சொல்லும். கிண்ணத்தில் அளந்து தண்ணீர் ஊற்றி, மறுநாள் மிச்சத்தை அளந்து கழித்தால் எவ்வளவு குடித்தது என்று தெரியும். மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் சிறுத்துக்கொண்டே வருகின்றனவா, வாரம் ஒரு முறை எடை என்ன, பின்னங்கால்களைக் குதிகால் வரை தரையில் படியவைத்து நடக்கிறதா அல்லது முன்போலத் தாவி ஏறுகிறதா என்று கவனித்து எழுதுங்கள். அப்படிக் குதிகால் படிய நடப்பது, நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டதன் அறிகுறி. சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பல பூனைகளில் மெல்ல மெல்ல இது சரியாகும். இவற்றோடு, கடந்த சில வாரங்களின் சராசரியைக் காட்டும் ஃபுரக்டோசமின் பரிசோதனையையும் மருத்துவர் சேர்த்துப் பார்ப்பார்.

வாழ்நாள் முழுக்கவா என்ற கேள்விக்கு என்னால் மகிழ்ச்சியோடு விடை எழுத முடிகிறது. பூனைகளின் சர்க்கரை நோய் பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகையை ஒத்தது. உடல் பருமனால் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போக, கணையம் ஈடுகொடுக்கப் பார்த்துக் களைத்துவிடுகிறது; உயர்ந்த சர்க்கரையே அந்தக் கணைய அணுக்களை மேலும் நசுக்குகிறது. நோய் தெரிந்ததும் தாமதிக்காமல் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து அந்த அணுக்களுக்கு ஓய்வு கொடுத்தால், கணிசமான பூனைகள் ஊசியே தேவைப்படாத நிலைக்கு வருகின்றன. அது நடப்பதானால் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள். டைகருக்கு ஒரு மாதம்தான் ஆகியிருக்கிறது.

அந்த நிலைக்குக் கொண்டுபோவதில் உணவுக்கு இன்சுலினுக்கு இணையான பங்கு உண்டு. மாவுச்சத்துக் குறைந்து புரதம் மிகுந்த ஈர உணவு இந்த நோய்க்கு ஏற்றது. உலர் உணவுகளில் பெரும்பாலானவற்றில் மாவுச்சத்து அதிகம். ஆனால் மருத்துவரிடம் சொல்லாமல் உணவை ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். மாவுச்சத்துக் குறைந்தவுடனே இன்சுலின் தேவையும் சில நாளில் சரிந்துவிடும். பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பிற்பகல் திரும்பி வரும். எடையையும் மெதுவாகவே இறக்க வேண்டும். வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு விழுக்காடு, அதாவது டைகருக்கு 30 முதல் 60 கிராம், போதும்.

தந்தையின் மாத்திரைகளை முயன்று பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன், வேண்டாம். பூனைகளுக்கென்றே பெக்ஸாகிளிஃபுளோசின் 2022-லும் வெலாகிளிஃபுளோசின் 2023-லும் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டன. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் வாய்வழி மருந்துகள் இவை. இன்சுலினே போட்டிராத பூனைகளுக்கென்றுதான் அந்த அனுமதி. ஏற்கெனவே ஊசியில் இருக்கும் டைகருக்கு இவை மாற்று ஆகாது.

ஒன்று நடக்கலாம்: மாதங்கள் போகப்போக அளவு இறங்காமல் ஏறிக்கொண்டே போகலாம். அப்போது யூனிட்டை மட்டும் துரத்திக்கொண்டிருக்கக் கூடாது. இன்சுலினை எதிர்க்கும் வேறொன்று உடலில் இருக்கிறதா என்று தேட வேண்டும். சொத்தைப் பல்லும் ஈறு வீக்கமும், சிறுநீர்ப் பாதைத் தொற்று, கணைய அழற்சி ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. வளர்ச்சி ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும் பிட்யூட்டரி கட்டியும் பூனைகளில் நாம் முன்பு நினைத்ததைவிட அடிக்கடி காணப்படுகிறது. மாறாக, வரைபடத்தின் எண்கள் தொடர்ந்து தாழ்ந்து, அரை யூனிட்டுக்கு வந்தும் சர்க்கரை இயல்பாக நின்றால், மருத்துவர் ஊசியை நிறுத்திப் பார்ப்பார். நிறுத்திய பிறகும் முதல் சில வாரங்கள் வாரத்துக்கு இரண்டு முறையும், பின்னர் மாதத்துக்கு ஒரு முறையாவதும் அளவு பாருங்கள். உணவைப் பழையபடி மாற்றாதீர்கள். ஊசியிலிருந்து விடுபட்ட பூனைக்கு நோய் திரும்பவும் வரலாம். அதைத் திரும்ப வரவழைக்கும் காரணங்களுள் ஒன்று ஸ்டீராய்டு மருந்து. எனவே தோல் அரிப்புக்கோ மூச்சிரைப்புக்கோ வேறு எந்த மருத்துவரிடம் கொண்டுபோனாலும், டைகருக்குச் சர்க்கரை நோய் இருந்தது என்பதை அவர் மருந்துச் சீட்டு எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள்.